மாதிரிப் பிரசவம்

கோவில்பட்டி பூர்ணாங்கி மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைகள் சிறப்பு மருத்துவமனையில் அந்தச் செவ்வாய்க்கிழமை பிரசவம் பார்ப்பதில்லை என்று முடிவாகியிருந்தது. அங்கே பிரசவம் எவ்வளவு நன்றாகப் பார்க்கிறார்கள் என்று சோதிப்பதற்காகச் சென்னையிலிருந்து தரச்சான்றுக் குழு வருகிற நாள் அது.

இந்த விவரம் மாரிச்செல்விக்குத் தெரியாது. அவள் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் யாரும் தெரிவிக்கவில்லை.

அவள் புருஷன் லிங்கராஜ் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கவுன் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற வேலை. தலைப்பிரசவம் என்பதால் மாரிச்செல்வி கடம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருந்தாள். லிங்கராஜ் லீவு போட்டு அவளைப் பார்க்கப் போய், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. வேறு எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. மாதாமாதம் பூர்ணாங்கியில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் காவியா, "பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு. பிள்ளை எடையும் கம்மி. வலி வந்துச்சுன்னா அங்கயும் இங்கயும் சுத்தாம நேரா இங்க வந்துருங்க" என்று சொல்லியிருந்தார்.

நேராக வரத்தான் வந்தார்கள். ஆனால் ஐப்பசி மழையில் கரிசல் மண் குழைந்து கிடந்தது. வாடகைக் கார் தெருவுக்குள் வரமாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றுகொண்டது. மாரிச்செல்வியை லிங்கராஜ் ஒரு பக்கமும் அவள் அம்மா வெயிலுகந்தம்மாள் மறுபக்கமும் தாங்கிக்கொண்டு நடந்து வந்து காரில் ஏற்றியபோது, மூன்று பேருக்கும் கணுக்கால் வரை கருப்பு மண் அப்பியிருந்தது. செருப்புகள் சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன.

மருத்துவமனை வாசலில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். காவலாளி நல்லக்கண்ணு ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார். திறந்ததும் அவர் கண் முதலில் போனது கீழே.

"அண்ணாச்சி, காலு!"

"வலி வயித்துல, அண்ணாச்சி" என்றான் லிங்கராஜ்.

"வயித்தை உள்ள பாத்துக்கிடுவாவ. என்னையக் காலுக்குத்தான் நிப்பாட்டியிருக்காவ. தரையப் பாருங்க, மொகம் தெரியுது. இதுல கரிசலைக் கொண்டாந்து அப்புனா எனக்கு வேலை போயிரும்."

படியருகில் புத்தம்புது சக்கர நாற்காலி ஒன்று நின்றிருந்தது. அதன் முதுகில் 'எந்நேரமும் தயார்' என்று அட்டை தொங்கியது. லிங்கராஜ் அதைப் பிடித்து இழுத்தான். நல்லக்கண்ணு மறித்தார். "அதுல உக்காந்துட்டா அப்புறம் தயாரா இல்லன்னு ஆயிருமே."

இந்தச் சத்தத்துக்கு வெளியே வந்தவர் ராமசுப்பு. கழுத்தில் டை, அதற்கு மேல் அடையாள அட்டை. தர மேம்பாட்டு அலுவலர். அதற்கு முன்பு, மருத்துவமனை முதலாளி டாக்டர் நவநீதகிருஷ்ணனின் அப்பாவுடைய தீப்பெட்டி ஆபீசில், பெட்டிக்குள் குச்சிகள் ஒழுங்காக ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அனுபவம் இங்கே மிகவும் கைகொடுப்பதாக அவரே சொல்வார்.

"இன்னிக்கு அட்மிஷன் கிடையாதேம்மா" என்றார் வருத்தத்தோடு.

"அப்ப வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன் சார்."

ராமசுப்பு பதறிப்போனார். "அய்யோ, அது கூடவே கூடாது. வந்த கேஸைத் திருப்பி அனுப்புறதில்லங்கிறது நம்ம கொள்கை. மறுப்பில்லா மருத்துவமனை. அதுக்குத் தனி மார்க்கு இருக்கு. இன்னிக்குப் போயி ஒரு கேஸ் வெளிய போனா மானம் போயிரும்."

"அப்பம் உள்ள வரவா?"

"அது எப்படி முடியும்? அட்மிஷன்தான் இல்லையே."

லிங்கராஜுக்குத் தலை சுற்றியது. போகவும் கூடாது, வரவும் கூடாது என்றால் மனிதன் எங்கே நிற்பது என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு இடம் தயாராக இருந்தது. வரவேற்பறையை ஒட்டி, செயற்கை நீரூற்றோடு ஒரு கூடம். பெயர் 'அமைதி வளாகம்'. தோட்டக் குழாயில் மூவர் காலையும் கழுவவைத்து அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். குழுவின் வண்டிகள் வருவதால் வெளிவாசல் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாடகைக் கார் அந்தப் பக்கம் போய்விட்டது.

"டாக்டர் காவியாவையாவது ஒரு எட்டு வரச்சொல்லுங்க சார்" என்று கெஞ்சினான் லிங்கராஜ்.

"அவிய இப்பம் நிக்கவேண்டிய இடத்துல நிக்காவ. பிரசவ அறையில இடதுபக்கம் நாலாவது டைல்ஸ். குழு வந்து போற வரைக்கும் அசையக்கூடாது." ராமசுப்பு மாரிச்செல்வியிடம் ஒரு அட்டையை நீட்டினார். "வலி எவ்வளவு இருக்குன்னு இதுல ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டும்மா."

அட்டையில் மூன்று முகங்கள் இருந்தன. மூன்றும் சிரித்துக்கொண்டிருந்தன. ஒன்று கொஞ்சமாக, ஒன்று நன்றாக, ஒன்று பல் தெரிய.

"அழுத மூஞ்சி இல்லையா?" என்றாள் மாரிச்செல்வி, பல்லைக் கடித்தபடி.

"இருக்கும்மா. அதெல்லாம் இன்னிக்கு எடுத்து உள்ள வச்சிட்டோம். வலி குறைப்புல நாம மாவட்டத்துலயே முதல் இடம். அதைக் காப்பாத்தணும்ல."

மாரிச்செல்வி அட்டையை வாங்கி, அந்த வலி ஓயும்வரை அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்தாள். ராமசுப்பு அதைத் திரும்பக் கேட்கவில்லை.

அப்போது மாடிப்படியில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். வெயிலுகந்தம்மாள் பதறி எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, ஏட்டி! மாசமா இருக்கவ இப்படியா குதிப்பா? பைய ஏறு, தாயி!"

அந்தப் பெண் நின்றாள். அவள் வயிறு மெல்லச் சரிந்து இடுப்புக்கு வந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி மேலே தள்ளிக்கொண்டு, "நான் நர்சிங் படிக்கேன் பாட்டிமா. பேரு விஜி. இன்னிக்கு மூணாம் நம்பர் தாய்" என்றாள். "தலையணை நிக்கவே மாட்டேங்குது."

"நெசமாப் பிள்ளை பெத்தவிய எல்லாம் எங்கட்டி?"

"அவியளுக்குப் பதில் சொல்ல வராது, பாட்டிமா. 'வசதி எப்படி'ன்னு கேட்டா, 'பாத்ரூம்ல தண்ணி வரல'ன்னு சொல்லிருவாவ. நாங்க ஒரு வாரமாப் படிச்சிருக்கோம். 'எனக்குத் தாய்வீட்டில் இருப்பதுபோலவே இருந்தது.' நல்லாருக்கா?"

அவள் ஓடிவிட்டாள். வெயிலுகந்தம்மாள் மருமகனைப் பார்த்தாள். மருமகன் நீரூற்றைப் பார்த்தான்.

குழு வந்தது. தலைவி ஒரு அம்மையார். வெளிர்நீலப் பட்டுச்சேலை, மூக்குக் கண்ணாடி. கூட இரண்டு பேர். டாக்டர் நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு மாலை போட்டு, அமைதி வளாகத்துக்கு எதிரே இருந்த கண்ணாடிக் கதவைத் திறந்தார். அதுதான் பிரசவ அறை. உள்ளே மல்லிகை மணத்தது. துண்டுகளையெல்லாம் அன்னப்பறவை உருவத்தில் மடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் கருவி மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்தி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. டாக்டர் காவியா நாலாவது டைல்ஸில் நின்றிருந்தார்.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் பேச ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வெளியே வரை கேட்டது.

"மற்ற மருத்துவமனைகளில் தாய்தான் மையம் என்று சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. இங்கே தரம்தான் மையம். தாய் அதைச் சுற்றி இருக்கலாம். ஒரு தாய் வருவாள், போவாள். தரம் நிலையானது. இந்த அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு தொற்று இல்லை, ஒரு தவறு இல்லை, ஒரு புகார் இல்லை."

"அபாரம்" என்றார் தலைவி. "இதுவரை இங்கே எத்தனை பிரசவம் நடந்திருக்கிறது?"

"இன்னும் தொடங்கவில்லை, மேடம். தொடங்கினால் இந்தத் தூய்மையைப் பராமரிக்க முடியுமா என்பது எங்களுக்கு ஒரு சவால். அதனால் பின்பக்கம் பழைய அறையிலேயே பார்த்துக்கொள்கிறோம்."

தலைவி தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். நேர்மையான பதில் என்று கூட வந்தவரிடம் சொன்னதாகக் கேள்வி.

இதையெல்லாம் மாரிச்செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வலி வந்தது. அது முந்தின வலிகளைப்போல் இல்லை. அவள் எழுந்தாள்.

"எங்கட்டி போற?" என்றான் லிங்கராஜ்.

"கட்டிலுக்கு."

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். கழுவியும் போகாத கரிசல், ஈரக் காலோடு சேர்ந்து அந்தப் பளபளத்த தரையில் அடிக்கு அடி பதிந்தது. நேராகப் போய் அறையின் நடுவிலிருந்த கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

"அம்மா! அது டிஸ்ப்ளே பெட்டும்மா!" என்று அலறிக்கொண்டு வந்தார் ராமசுப்பு.

"இது கட்டில்தான? நான் படுத்துட்டேன். இனிமே யாரு வந்து எழுப்புதாவன்னு பாக்கேன்."

டாக்டர் நவநீதகிருஷ்ணனின் முகம் வெளுத்தது. அப்போது குழுத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மலர்ந்த முகத்தோடு, "ஓ! செய்முறை விளக்கமா? நிகழ்ச்சி நிரலில் இல்லையே?" என்றார்.

நவநீதகிருஷ்ணன் ராமசுப்புவைப் பார்த்தார். ராமசுப்பு நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றார் ராமசுப்பு. "சர்ப்ரைஸ் டெமோ."

"சார், இது டெமோ இல்ல" என்று காவியா வாய் திறந்தார். "நாலாவது டைல்ஸ், டாக்டர்" என்றார் நவநீதகிருஷ்ணன் புன்னகை மாறாமல்.

மாரிச்செல்வி கத்தினாள். நீரூற்று நின்றுவிட்டதுபோல் இருந்தது லிங்கராஜுக்கு. அப்படி அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை.

"பிரமாதம்" என்றார் தலைவி. "அந்தக் காலில் இருக்கிற மண்ணைப் பாருங்கள். கிராமத்துப் பயனாளி என்று சொல்லாமலே சொல்கிறார்கள். முகபாவத்துக்குப் பத்துக்குப் பத்து." அவர் குனிந்து, "வலி எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார்.

மாரிச்செல்வி பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. தலைவி கூட வந்தவரிடம், "வட்டார வழக்கு" என்று விளக்கினார்.

"ஏ டாக்டரம்மா!" வெயிலுகந்தம்மாள் கதவருகில் நின்று காவியாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எம்மவ சாகட்டும்னா நிக்க? கால் என்ன தரையில ஒட்டிக்கிட்டா?"

காவியா தன் காலைப் பார்த்தார். பிறகு டைல்ஸை விட்டு இறங்கினார். இரண்டே எட்டில் கட்டிலுக்கு வந்து கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்தவர், அதன்பிறகு யாரையும் 'சார்' என்று கூப்பிடவில்லை.

"தலை தெரியுது. எல்லாரும் வெளிய போங்க. அண்ணாச்சி, நீங்க மட்டும் இவிய கையைப் பிடிச்சுக்கோங்க. மாரிச்செல்வி, என்னையப் பாரு. இப்பம் முக்கு."

குழு வெளியே போகவில்லை. செய்முறை விளக்கத்தின் நடுவில் எழுந்து போவது நாகரிகம் இல்லை என்று நினைத்திருக்கலாம். சுவரோரமாக ஒதுங்கி நின்று குறிப்பெடுத்தார்கள். லிங்கராஜின் கையை மாரிச்செல்வி பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. அவன் எதையும் பார்க்கவில்லை. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை பிறந்தது. அழவில்லை.

காவியாவின் கையில் நீலம்பாரித்துத் துவண்டு கிடந்தது அது. பெண். லிங்கராஜ் கவுன் வெட்டுகிற அளவுகளில் ஆகச் சின்ன அளவுக்கும் சின்னதாக இருந்தது.

"துண்டு! காய்ஞ்ச துண்டு!"

வெயிலுகந்தம்மாள் ஒரு அன்னத்தைக் கழுத்தைப் பிடித்து உதறி நீட்டினாள். காவியா குழந்தையைத் துடைத்தார், முதுகில் தேய்த்தார். சத்தம் இல்லை. "வார்மரைப் போடுங்க! அந்த மெஷின்! சீக்கிரம்!"

ராமசுப்பு கருவிக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ரிப்பன்... மேடம் கையால வெட்டணும்... கத்திரிக்கோல் தட்டுல..."

லிங்கராஜ் மாரிச்செல்வியின் கையை விட்டான். ராமசுப்புவை ஒரு தள்ளு தள்ளினான். நாள் முழுக்கத் துணி வெட்டுகிற அவனுக்கு அப்போது கத்திரிக்கோலைத் தேடத் தோன்றவில்லை. ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்தான். உறையை இரண்டு கையாலும் கிழித்தான். சுவிட்சை மறைத்து ஒரு பூந்தொட்டி இருந்தது. அதை எங்கே எறிந்தான் என்று அவனுக்கே தெரியாது. சுவிட்சைப் போட்டான். மேலே கம்பிச்சுருள் சிவந்தது.

காவியா குழந்தையைக் கிடத்தி, மூக்கையும் வாயையும் மூடும் சிறிய முகமூடியைப் பொருத்தி, ரப்பர்ப் பையை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். மார்பு ஏறி இறங்கியது. அறையில் அந்தப் பை மூச்சுவிடும் ஓசை மட்டும் இருந்தது. தலைவியின் பேனா நின்றிருந்தது.

"என்னங்க சத்தத்தையே காணோம்?" என்றாள் மாரிச்செல்வி கட்டிலிலிருந்து, சின்னக் குரலில். "ஏங்க? சொல்லுங்க."

லிங்கராஜ் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு சிணுங்கல். பூனைக்குட்டி தும்மியதுபோல். அப்புறம் இன்னொன்று. அப்புறம், தரச்சான்று பெறவிருந்த அந்த அறை முழுக்க அதிர, பெண் பிள்ளை வீறிட்டது.

லிங்கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவியா திரும்பிக் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இது... டெமோ இல்லையா?" என்றார் குழுத் தலைவி.

*

பிற்பகலில் அமைதி வளாகத்தில் விசாரணை நடந்தது. தரச்சான்று விதிகளின்படி, சோதனை நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் எது நடந்தாலும் அது 'அசம்பாவிதம்'. அதன் மூலகாரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மூலகாரணம் நிற்கும். ராமசுப்பு அதில் பயிற்சி பெற்றவர். லிங்கராஜைச் சாட்சியாக நிற்க வைத்திருந்தார்கள்.

"ஏன் பிரசவம் நடந்தது?" என்று ஆரம்பித்தார் ராமசுப்பு. "வலி வந்ததால். ஏன் வலி வந்தது? மாதம் நிறைந்ததால். ஏன் மாதம் நிறைந்தது? கர்ப்பம் தரித்ததால். ஏன் கர்ப்பம்..."

அவர் நிறுத்தினார். எல்லோரும் லிங்கராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காதுவரை சிவந்து, தன் காலில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான்.

"மூலகாரணம் தெரிந்துவிட்டது" என்றார் டாக்டர் நவநீதகிருஷ்ணன். "மருத்துவமனைத் தரப்பில் குறை இல்லை."

குழுத் தலைவி இரக்கமுள்ளவர். "ஒரு நல்ல நிறுவனத்தை ஒரு பிரசவத்தை வைத்து எடைபோடக் கூடாது. அசம்பாவிதம் என்று எழுதினால் சான்றிதழ் நின்றுவிடும். செய்முறை விளக்கம் என்றே எழுதிவிடுவோம். நான் முதலில் அப்படித்தான் மார்க்கும் போட்டிருந்தேன். அடிக்க வேண்டியதில்லை."

எல்லோருக்கும் நிம்மதி. மாலையில் அதே கூடத்தில் பாராட்டு விழா நடந்தது. ஐந்து நட்சத்திரச் சான்றிதழை டாக்டர் நவநீதகிருஷ்ணன் பெற்றுக்கொண்டார். "சிறந்த செய்முறை விளக்கக் குழுவின் சார்பில்" என்று லிங்கராஜையும் மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு கேடயத்தையும் மைக்கையும் கையில் கொடுத்தார்கள். கீழே படியோரம் நின்ற விஜி, "தாய்வீட்டில் இருப்பதுபோலவே" என்று உதட்டசைத்துக் காட்டினாள்.

லிங்கராஜ் மைக்கில் பேசியதே இல்லை. தொண்டையைச் செருமினான்.

"இது டெமோ இல்லங்க. நெசம். எம் பொண்டாட்டி மாரிச்செல்விக்கு இன்னிக்கு இங்கன பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. மூச்சு இல்லாமக் கிடந்துச்சு. இந்தக் கூடத்துலதான் எங்கள உக்கார வச்சிருந்தாவ. டாக்டர் காவியா அந்த இடத்தை விட்டு வராம இருந்திருந்தா, பிள்ளை போயிருக்கும். அம்புட்டுதான்."

கைதட்டல் எழுந்து நெடுநேரம் ஓயவில்லை. முன்வரிசையில் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "இன்னும் பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை, பார்த்தீர்களா?" என்றார்.

அவன் பின்பக்க வார்டுக்கு வந்தபோது மாரிச்செல்வி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் படுத்திருந்தாள்.

"மைக்குல என்ன சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன்."

"நம்புனாவளா?"

"கை தட்டுனாவ."

அவள் சிரித்தாள். தையல் இழுத்தது. "சிரிக்க வைக்காதீங்க" என்று அவன் கையில் ஒரு அடி வைத்தாள். பக்கத்தில் நின்ற காவியா தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் கேட்டுத் தன் கையாலேயே பிறப்பைப் பதிவுசெய்தார். டெமோவில் பிறந்த குழந்தையைப் பதிய வழி இல்லை என்று ராமசுப்பு வந்து தயங்கியபோது, "நீங்க உங்க குழுவுக்கு எழுதுனதை நான் படிக்கல. நான் எழுதுறதை நீங்க படிக்காதீங்க" என்றார். அப்படியாக அந்தக் குழந்தை நகராட்சியைப் பொறுத்தவரை பிறந்தது, தரச்சான்றுக் குழுவைப் பொறுத்தவரை பிறக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு அலுவலகம் என்பதால் இதனால் யாருக்கும் சிரமம் ஏற்படவில்லை.

குழந்தை எடை ஏறி, வீட்டுக்குப் போகலாம் என்றான பிறகு, கிளம்புகிற நேரத்தில் ராமசுப்பு கையில் ஒரு பூங்கொத்தோடு வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார்?" என்றாள் மாரிச்செல்வி.

"ஒண்ணும் இல்லம்மா. வருசா வருசம் மறுஆய்வு உண்டு. மேடத்துக்கு உங்க டெமோ ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த வருசமும் அதே மாதிரி வேணுங்காவ. நர்சிங் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்கு வரலை." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தோதுப்படுமா?"

வெயிலுகந்தம்மாள் வாயைத் திறந்தாள். மாரிச்செல்வி கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினாள்.

"கண்டிப்பா வாரேன், சார். ஆனா அடுத்த தடவை நீங்க கட்டில்ல படுங்க. நான் நின்னு மார்க்குப் போடுதேன்."

லிங்கராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். ராமசுப்பு சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எந்த மாதம்னு சொன்னா வசதியா இருக்கும்" என்றார்.